நான்கு ஊர்களில் ஒரு குழு: தொலைவிலிருந்து தலைமை ஏற்பவருக்கு

கேள்வி: சென்னையை அடுத்த ஒரகடத்தில், வாகன உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மின்சார வாகனங்களுக்கான பேட்டரிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை எட்டு மாதங்களில் முடிக்கும் திட்டத்துக்கு முதன்முறையாக என்னைத் தலைவராக நியமித்திருக்கிறார்கள். குழுவில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். மென்பொருள் எழுதும் நாங்கள் ஐவர் ஒரகடத்தில், மின்னணு வடிவமைப்பாளர்கள் மூவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், வாடிக்கையாளரோடு பேசும் இருவர் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், சோதனைப் பொறியாளர் ஒருவர் புனேயில் இருக்கிறார்கள். யாரும் எனக்கு நேரடியாகக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை. இதே ஊர்களில் இருந்தவர்கள் சேர்ந்து செய்த முந்தைய திட்டத்தில், எல்லாரும் திறமைசாலிகளாக இருந்தும், ஒருவரையொருவர் குறை சொல்லியே பிரிந்தார்கள். தினமும் காணொலிக் கூட்டம் நடத்தும்படி என் மேலாளர் சொல்கிறார். யார் எவ்வளவு நேரம் கணினியில் வேலை செய்கிறார்கள் என்று பதிவுசெய்யும் மென்பொருளை நிறுவலாம் என்றும் சொல்கிறார். எல்லாரும் நேரில் சந்திக்க ஒரே ஒரு முறைக்குத்தான் பயணச் செலவு ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரங்களில் பணி தொடங்குகிறது. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, முந்தைய குழுவினர் திறமைசாலிகளாக இருந்தும் ஒருவரையொருவர் குறை சொல்லியே பிரிந்தார்கள் என்ற வரியைத்தான். திறமையும் இருந்தது, கெட்ட எண்ணமும் இல்லை என்றால், அவர்களிடையே நடந்தது என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கேத்தரின் கிராம்டன் என்ற ஆய்வாளர் பல கண்டங்களில் சிதறியிருந்த மாணவர் குழுக்களின் கடிதப் போக்குவரத்தை வரி வரியாகப் படித்து, 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரே இடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமலே தெரிந்துவிடும் செய்திகள், தொலைவில் இருப்பவருக்குத் தெரிவதில்லை என்பது அவர் கண்டவற்றுள் முதன்மையானது. அந்த ஊரில் அன்று விடுமுறையா, மின்சாரம் இல்லையா, அவருக்கு வேறொரு அவசர வேலை வந்துவிட்டதா என்பதெல்லாம் எதிர்முனைக்குத் தெரியாது. தெரியாத இடத்தை மனம் காலியாக விட்டுவைப்பதும் இல்லை. பதில் வராத மின்னஞ்சலுக்குச் சூழ்நிலையைக் காரணமாக நினைக்காமல், அந்த மனிதரின் அக்கறையின்மையைக் காரணமாக நினைக்கிறோம். ஒருவருடைய மௌனத்துக்குச் சம்மதம், மறுப்பு, கோபம், ஊரில் இல்லை, கடிதமே கிடைக்கவில்லை என்று ஐந்தாறு பொருள்கள் இருக்கலாம்; நாம் அவற்றுள் மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்.

இதை நான் ஆய்வைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதன்முதலில் தலைமை ஏற்ற இரண்டு நாட்டுக் குழுவில், அடுத்த நாட்டில் இருந்த வடிவமைப்பாளர் ஒருவர் நாங்கள் அனுப்பிய வரைபடங்களுக்கு ஒன்பது நாட்கள் பதில் அனுப்பவில்லை. இரண்டு முறை நினைவூட்டிய பிறகு, அவருடைய மேலாளருக்கும் நகல் வைத்துச் சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன். பிறகு விசாரித்தபோது, பெரிய இணைப்புகளை அவர்களுடைய அஞ்சல் சேவையகம் தடுத்து நிறுத்தியதும், அந்தத் தகவல் யாரும் திறந்து பார்க்காத ஒரு பொது முகவரிக்குப் போனதும் தெரியவந்தன. வரைபடம் இல்லாத என் நினைவூட்டல்களைப் பார்த்த அவரோ, அனுப்பாததை அனுப்பியதாகச் சொல்லி நாங்கள் காலத்தைக் கடத்துகிறோம் என்று நினைத்திருந்தார். தவறு எங்கே என்று தெரிந்த பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன்; அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்தத் திட்டம் முடியும்வரை அவர் என்னிடம் அளவோடுதான் பேசினார். தொலைபேசியை எடுத்து ஒரு நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் அது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே உங்கள் தலைமைப் பணி, நான்கு ஊர்களின் சூழ்நிலையையும் நான்கு ஊர்களுக்கும் தெரியவைப்பதுதான். கூட்டம் நடத்துவது, அட்டவணை போடுவது, அறிக்கை எழுதுவது எல்லாம் அதற்கான வழிகள். உங்களுக்கு இருக்கும் மூன்று வாரங்களையும் இந்த ஒரு நோக்கத்துக்காகவே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. குழுக்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் ஹேக்மேன், ஒரு குழு நன்றாக இயங்குவதில் 60 விழுக்காடு அது கூடுவதற்கு முன் தலைவர் செய்யும் ஆயத்தத்தையும், 30 விழுக்காடு அதைத் தொடங்கிவைக்கும் விதத்தையும், மீதி 10 விழுக்காடுதான் பிறகு நடக்கும் வழிகாட்டலையும் பொறுத்தது என்று மதிப்பிட்டார். இவை தராசில் நிறுத்த எடை போன்ற எண்கள் அல்ல. அனுபவசாலி ஒருவரின் கணிப்பு. இருந்தாலும் ஒவ்வொரு திட்டத்திலும் அது உண்மை என்றே நான் கண்டிருக்கிறேன்.

முதல் வாரத்தில் உங்கள் குழுவினர் பத்துப் பேரோடும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் பேசுங்கள். ஒரகடத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடும் இதே உரையாடல் நடக்க வேண்டும். அவரைத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு இந்தத் திட்டத்தைத் தவிர வேறென்ன வேலைகள் இருக்கின்றன, ஒரு நாளில் எந்த நேரத்தில் அவரைப் பிடிக்கலாம், எந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது, அடுத்த எட்டு மாதங்களில் நீண்ட விடுப்பு எப்போது, முந்தைய திட்டத்தில் அவரை வருத்தியது எது, இந்தத் திட்டத்தில் அவர் கற்றுக்கொள்ள விரும்புவது எது என்று கேளுங்கள். முந்தைய திட்டத்தைப் பற்றிப் பேசும்போது யார் மீது தவறு என்று தீர்ப்புச் சொல்லாமல், குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து உரையாடல்களும் முடிந்தபின் அந்தக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஸ்டுட்கார்ட்டுக்காரர்கள் அலட்சியம் என்று சொன்னதும் ஒரகடத்துக்காரர்கள் அவசரம் என்று சொன்னதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள் என்பது பல இடங்களில் தெரியும்.

அடுத்தபடியாக அவர்களுடைய துறை மேலாளர்களோடு பேச வேண்டும். யாரும் உங்களுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை என்ற கவலைக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. "எங்கள் ஆள் உங்களுக்கு உதவுவார்" என்ற வாய்மொழி உறுதி முதல் நெருக்கடியிலேயே கரைந்துவிடும். இன்னார், வாரத்தில் இத்தனை நாட்கள், இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை என்று எழுத்தில் வாங்குங்கள். முழு நேரம் தர முடியாது என்றால் பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு நாட்கள் என்று உறுதியாகக் கிடைப்பவர், முழு நேரம் என்று பெயருக்குக் கிடைப்பவரைவிடப் பயனுள்ளவர். இரண்டு வேலைகள் மோதும்போது யாரிடம் போய் முடிவு கேட்பது என்பதையும் அந்த எழுத்திலேயே குறித்துவிட வேண்டும். மோதல் வந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் அது புகாராகத் தெரியும். வருவதற்கு முன்பே கேட்டால் ஏற்பாடாகத் தெரியும்.

இனி, தொலைவில் இருக்கும் குழுக்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது ஒரு ஊரின் வேலை இன்னோர் ஊரின் வேலையோடு பொருந்தும் இடம். அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய காலநிலை ஆய்வுக்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்துபோனது. கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் குழு டென்வரில் இருந்தது. கலத்தின் பாதையைக் கணித்த குழு பசடீனாவில் இருந்தது. உந்துவிசையின் அளவை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது. மற்ற குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கணக்கிலும் ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. இதைவிட என்னை அதிகம் வருத்தும் செய்தி விசாரணை அறிக்கையில் இருக்கிறது. பாதை சரியாக இல்லையோ என்ற ஐயம் பயணத்தின் நடுவிலேயே சிலருக்கு எழுந்தது. ஆனால் அது மின்னஞ்சல்களிலும் பேச்சிலும் சுற்றிவந்ததே தவிர, பிரச்சினையை முறையாகப் பதிவுசெய்யும் வழியில் வரவில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள்; தெரிந்தது சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை.

ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்துக்கு நேர்ந்ததும் இதே வகைதான். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாரான மின்கம்பித் தொகுதிகள் பிரான்சின் துலூஸ் நகரில் விமானத்தில் பொருத்தும்போது பொருந்தவில்லை. இரண்டு நாட்டு வடிவமைப்பாளர்களும் பயன்படுத்தியது ஒரே பெயருள்ள கேட்டியா மென்பொருள்தான். ஆனால் வெவ்வேறு பதிப்புகள். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பி ஓடும் விமானத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய சிக்கலாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாக, 2007 அக்டோபரில்தான் முதல் வாடிக்கையாளரான சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கிடைத்தது.

உங்கள் திட்டத்தில் இதற்கு இணையான இடம் எது என்று உங்களுக்கே தெரியும். பேட்டரிக்குள் செல்லும் மின்னோட்டத்தை நேர்க்குறியாகக் கொள்வதா, வெளியே வரும் மின்னோட்டத்தை நேர்க்குறியாகக் கொள்வதா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் அறைக்கு அறை, வழக்கம் மாறுகிறது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு விதமாகவும் ஒரகடத்தில் இன்னொரு விதமாகவும் நினைத்துக்கொண்டு இரு தரப்பும் அவரவர் வேலையைப் பிழையில்லாமல் முடித்தாலும், சார்ஜ் ஏறும் பேட்டரியைக் கருவி காலியாகிறது என்று படிக்கும். ஆம்பியரா மில்லிஆம்பியரா, வெப்பநிலை எத்தனை மில்லிநொடிக்கு ஒரு முறை வருகிறது, தகவல் வராமல் நின்றுபோனால் கருவி என்ன செய்ய வேண்டும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் ஒரே ஆவணத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்று பெயர் போட்டு, இருவரும் ஒப்புதல் தந்த தேதியையும் குறியுங்கள். அந்த ஆவணத்தை மாற்றும் உரிமை இருவருக்கும் சேர்ந்துதான் உண்டு; ஒருவர் தனியாக மாற்றக் கூடாது. தொடக்கத்தில் இது தாமதமாகத் தெரியும். உங்கள் மேலாளரும் எப்போது வேலையை ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்பார். இதுதான் வேலையின் ஆரம்பம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு முறைக்கு மட்டும் ஒதுக்கியிருக்கும் பயணச் செலவையும் இந்த ஆவணத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். பலர் அந்தப் பணத்தைக் கடைசிக் கட்டத்துக்கு, ஏதாவது பழுதானால் ஓடிப்போய்ச் சரிசெய்வதற்காக எடுத்துவைக்கிறார்கள். நான் அதைத் தொடக்கத்திலேயே செலவிடச் சொல்வேன். ஆனால் முதல் நாளன்று வேண்டாம். முதல் நாளில் எல்லாரும் கூடினால் அறிமுகமும் விருந்தும் மேலதிகாரிகளின் உரையுமாகப் பொழுது போய்விடும். பணி தொடங்கி மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில், ஆவணத்தின் முதல் வரைவு தயாராகி, ஒத்துப்போகாத இடங்கள் எவை என்று தெரிந்துவிட்ட பிறகு, மூன்று நாட்கள் ஒரே அறையில் உட்காருங்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் இருப்பது ஒரகடத்தில் என்பதாலும், இங்கிருந்து ஐந்து பேருக்கு ஷெங்கன் விசாவுக்கு முன்பதிவு கிடைக்கக் காத்திருப்பதைவிட ஜெர்மானிய, அமெரிக்கக் குடிமக்கள் இந்திய மின்விசா பெறுவது எளிது என்பதாலும், சென்னையிலேயே கூடுவது நல்லது.

அந்த மூன்று நாட்களில் ஒரு மணி நேரத்தை, கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரிந்துரைக்கும் ஒரு பயிற்சிக்கு ஒதுக்குங்கள். எட்டு மாதங்கள் கடந்துவிட்டன, திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்பதைப் பத்து நிமிடம் பேசாமல் ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். பிறகு எல்லாத் தாள்களையும் வாசிக்க வேண்டும். மூத்தவர்கள் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் இளைய பொறியாளர்கள் நம் பக்கம் நிறைய இருப்பது உங்களுக்குத் தெரியும். நேரடியாகக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்பவர், தாளில் உண்மையை எழுதுவார். சாப்பாட்டையும் எல்லாரும் சேர்ந்தே சாப்பிடுங்கள். ஒரு முறை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரின் மின்னஞ்சலை அதன் பிறகு அவருடைய குரலிலேயே நாம் படிக்கிறோம்.

தினசரிக் காணொலிக் கூட்டம் குறித்து உங்கள் மேலாளரோடு நான் உடன்படவில்லை. கணக்கைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஒரகடத்தில் மாலை 6.30 மணி என்றால் ஸ்டுட்கார்ட்டில் பிற்பகல் 2 மணி, டெட்ராய்ட்டில் காலை 8 மணி. மூன்று ஊர்களும் விழித்திருந்து வேலை செய்யக்கூடிய நேரம் இதைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு மணிநேரம் மட்டும்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரகடத்தில் கம்பெனி பஸ் புறப்பட்டுப் போய்விட்டிருக்கும். கூட்டத்துக்காகத் தங்குபவர், குறிப்பாகத் தாம்பரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ போக வேண்டிய ஒரு பெண், எட்டு மணிக்குமேல் தானாக வழி தேட வேண்டியிருக்கும். இதைத் தினமும் செய்யச் சொன்னால் அதன் விலையை ஒரே ஊர் மட்டும் கொடுக்கிறது. அந்த விலை மற்ற ஊர்களின் கண்ணில் படுவதுமில்லை. வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், பதினொரு பேரும் கூடினால் போதும். அன்று வீட்டிலிருந்து கலந்துகொள்ள அனுமதியும், அலுவலகத்தில் தங்குபவர்களுக்கு வண்டி ஏற்பாடும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். சில வாரங்கள் டெட்ராய்ட்காரர்கள் காலை 6.30 மணிக்கு எழுந்து கலந்துகொள்ளட்டும். அப்போது உங்களுக்கு மாலை 5 மணி. சுமை சுழன்று வருவதை எல்லாரும் பார்க்க வேண்டும். ஸ்டுட்கார்ட்டும் ஒரகடமும், ஒரகடமும் புனேயும் தங்களுக்குள் பேச வேண்டியதை அவரவர் பகல் நேரத்திலேயே இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொள்ளலாம்.

கடிகார மாற்றத்தையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள்; திரும்பப் பின்னே வைப்பது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இந்த இடைப்பட்ட வாரங்களில் யாராவது ஒருவர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து நிற்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பொங்கல் விடுமுறை, ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஜனவரி 6 விடுமுறை, அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை எல்லாம் ஒரே நாட்காட்டியில் இருக்கட்டும்.

வாரக் கூட்டத்தில் ஒரகடத்துக்காரர்கள் ஐவரும் ஒரே அறையில் ஒரே கேமரா முன்னால் உட்காராதீர்கள். உங்கள் குழுவின் அமைப்பு ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று என்று சமமில்லாமல் இருக்கிறது. இப்படி ஊர்வாரியாக ஏற்றத்தாழ்வாகப் பிரிந்த குழுக்களில் பூசலும் ஒருங்கிணைப்புச் சிக்கலும் கூடுவதை மைக்கேல் ஓ'லியரியும் மார்க் மோர்டென்சனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஓர் அறையில் இருக்கும் ஐவர் தங்களுக்குள் தமிழில் ஒரு வார்த்தை பேசிச் சிரித்தால், திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன்னைப் பற்றியோ என்று நினைப்பார். ஆளுக்கொரு கணினியில் தனித்தனியாகக் கலந்துகொள்ளுங்கள். பேச வேண்டிய விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதி முதல் நாளே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் ஊர் ஊராகக் கேட்காமல் ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். தொலைவில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள்.

நம் பேச்சு வழக்கில் ஒன்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "பார்க்கிறோம்", "முயற்சி செய்கிறோம்", "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்" என்று நாம் சொல்லும்போது, சொல்பவருக்கும் இங்கே கேட்பவருக்கும் அதில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்று தெரியும். அதையே ஆங்கிலத்தில் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் வெள்ளிக்கிழமை என்று குறித்துக்கொண்டால், திங்கட்கிழமை அவர் பார்வையில் நாம் வாக்குத் தவறியவர்கள் ஆகிவிடுகிறோம். இதை எந்த நாட்டாருடைய குணம் என்றும் பேசத் தேவையில்லை. ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினால் போதும். தேதி சொல்பவர் அதோடு சேர்த்து, அந்தத் தேதி எதைப் பொறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். முடியாது என்பதை முதலில் சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். அதை எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். தாமதம் என்று முதன்முதலில் ஒருவர் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான், இரண்டாவது ஆள் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

அன்றாட வேலைக்கு எழுத்தே போதும். ஒவ்வொருவரும் நாள் முடியும்போது, இன்று முடிந்தது என்ன, நாளை செய்யப்போவது என்ன, யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று மூன்று வரிகளைக் குழுவின் பொதுவான இடத்தில் எழுதட்டும். மூன்றாவது வரிதான் முக்கியம். முடிவுகள் அனைத்தும், எப்போது, யார், எந்தக் காரணத்தால் எடுத்தார்கள் என்ற குறிப்போடு ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். தொலைபேசியில் எடுத்த முடிவும் அதில் ஏறாதவரை முடிவு ஆகாது. மௌனத்துக்கும் ஒரு விதி வேண்டும். கேள்வி ஒன்று வந்தால் ஒரு வேலைநாளுக்குள், விடை தெரியாவிட்டாலும், கிடைத்தது, வியாழக்கிழமை பதில் சொல்கிறேன் என்று எழுத வேண்டும். இரண்டு முறை எழுதியும் கருத்து வேறுபாடு தீரவில்லை என்றால் மூன்றாவது மின்னஞ்சல் கூடாது, பேச வேண்டும். இவற்றை நீங்களே எழுதி அறிவிக்காமல், முதல் வாரத்தில் குழுவிடம் வரைவாக வைத்து அவர்கள் திருத்தியபின் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு அவற்றை முதலில் நீங்கள் கடைப்பிடியுங்கள். ஒருவரையொருவர் பார்த்திராத குழுக்களில் நம்பிக்கை எப்படி உருவாகிறது என்று 1990களின் இறுதியில் ஆராய்ந்த சிர்க்கா ஜார்வென்பாவும் டாரதி லைட்னரும், முதல் சில கடிதங்களிலேயே நம்பிக்கையின் போக்குப் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது என்றும், பிறகும் அது நீடிப்பது சொன்ன நேரத்தில் தவறாமல் வரும் பதில்களால்தான் என்றும் கண்டார்கள்.

வேலை நேரத்தைப் பதிவுசெய்யும் மென்பொருள் வேண்டாம். முதல் காரணம் சட்டம். ஜெர்மனியில் பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் பணியாளர் மன்றம் உள்ள நிறுவனத்தில், பணியாளரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பக் கருவியையும் அந்த மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் கொண்டுவர முடியாது. கேட்காமல் நிறுவினால் உங்கள் திட்டம் தொடங்குமுன்பே ஒரு தகராறில் சிக்கும். அங்கே ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் பொதுவாகப் பதினொரு மணி நேர ஓய்வு இருக்க வேண்டும் என்ற சட்டமும் உண்டு. இரவுக் கூட்டத்துக்கு அழைக்குமுன் அதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது காரணம் எனக்குச் சட்டத்தைவிடப் பெரியது. விசைப்பலகையில் விரல் அசைவதை அளந்தால் விரல் அசைவதுதான் கிடைக்கும். ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்து, மின்னோட்டக் குறியில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிப்பவர் அந்தக் கணக்கில் சோம்பேறி ஆகிவிடுவார். உங்கள் மேலாளரின் கவலை நியாயமானது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை நடக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் இயங்கும் ஒன்றைச் சோதனை மேசையில் காட்டுங்கள். நான்கு வாரங்கள் தொடர்ந்து அதைப் பார்த்தால் அவர் மென்பொருளைப் பற்றிப் பேச மாட்டார்.

கடைசியாக, புனேயில் தனியாக இருக்கும் சோதனைப் பொறியாளரைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு சொற்றொடர்தான் கிடைத்திருக்கிறது. ஆனால் மற்றவர்கள் செய்த பிழைகள் எல்லாம் முதலில் வந்து சேர்வது அவருடைய மேசைக்குத்தான். அவற்றைச் சொல்லும்போது பக்கத்தில் துணைக்கு ஆளில்லாதவரும் அவர்தான். ஸ்டுட்கார்ட்டும் ஒரகடமும் எழுதும் ஆவணத்தைப் படித்து, இதை எப்படிச் சோதிப்பது என்று கேட்கும் உரிமையை முதல் நாளிலிருந்தே அவருக்குக் கொடுங்கள். அவர் ஒப்புதல் இல்லாமல் எந்த வரியும் முடிந்ததாகக் கருதப்படாது என்று எல்லாருக்கும் அறிவியுங்கள். பத்து உரையாடல்களில் முதல் உரையாடலை அவரோடு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய திட்டத்தில் அவர் கண்டு சொன்ன பிழைகளில் எவை யார் காதிலும் விழாமல் போயின என்று கேட்டு, அவர் சொல்வதை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்.